சுண்ணாம்புக்கல்லின் மேல் நச்சுக் கழிவு

2019 ஏப்ரல் 4ஆந் திகதி இலங்கை உயர் நீதிமன்றம் சுன்னாகம் நிலத்தடி நீர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அனல்மின் நிலையம் நடத்திய நொதேர்ன் பவர் கம்பனியின் செயற்பாட்டால் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்ததை ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கும்படி கட்டளையிட்டது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை வடபகுதிக் கிணறுகளுக்காக நிலைநாட்டப்பட்ட தீர்ப்பு அது. ஆனால் அந்தப் பணத்தைப் பல நூறு வீடுகளுக்குப் பிரித்துப் பார்த்தால் ஒரு வீட்டுக்கு வருவது அற்பம். அதைக்கொண்டு கெட்ட கிணற்றைத் திருத்தவும் முடியாது.

சுன்னாகத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் தெற்கே வந்தால் மருதனார்மடம், இணுவில், தாவடி கடந்து கொக்குவில். இங்கே மின் நிலையம் இல்லை. ஒரு காலத்தில் சுருட்டுக் கைத்தொழிலுக்குப் பேர்போன ஊர். இன்று தொழில்நுட்பக் கல்லூரி, பள்ளிக்கூடங்கள், வீதியோரக் கராஜ்கள், பற்றரிக் கடைகள், பெயின்ற் கடைகள், உள்ளே போனால் தோட்டங்கள், ஒழுங்கைதோறும் வீடுகள், வளவுதோறும் கிணறு. ஆபத்தான இரசாயனக் கழிவு என்றால் அது எங்கோ தொழிற்பேட்டையில் உண்டாவது, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்ற நினைப்பு இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த நினைப்பு பிழையானது என்பதையும், பிழை எந்த இடத்தில் நம்மைச் சுடப்போகிறது என்பதையும் எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் நிலம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மாரி மழை மெல்லிய செம்மண்ணுக்குள் இறங்கி, அதன் கீழே கிடக்கும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லில் தேங்குகிறது. அந்தக் கல் வெடிப்பும் பொந்தும் குகையுமாக இருப்பது. கீரிமலைக் கேணியும் புத்தூர் நிலாவரையும் அந்தப் பொந்துகள் வெளியே தெரியும் இடங்கள். மழைநீர் கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் தாங்கும் என்பது நீரியலாளர் கணக்கு. குறைந்தளவு மண், கூடியளவு வெடிப்பு என்பதால் மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே கீழே போய்விடும். தோட்டங்களுக்குப் போட்ட யூரியாவின் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டிக் கிணறுகளில் நிற்பதைப் பல பத்தாண்டுகளாக ஆய்வுகள் காட்டி வந்திருக்கின்றன. யூரியா வந்து சேரும் பாதையால் மற்றதும் வரும். கொக்குவிலை அடுத்த கோண்டாவில் கிணறுகளிலிருந்து யாழ்ப்பாண நகருக்கே நீண்ட காலமாகக் குடிநீர் குழாயில் போய் வந்திருக்கிறது. ஆகவே கொக்குவில் ஒழுங்கையில் கொட்டியதன் பலன் கொக்குவிலோடு நிற்கும் என்று ஒருவராலும் உறுதி சொல்ல முடியாது.

சுன்னாகத்தில் நடந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அங்கே மின் நிலையம் இருந்த வளவு பல பத்தாண்டுகள் பழையது. போர்க்காலத்துச் சேதமும் அதற்கு உண்டு. 2009 இறுதியை ஒட்டி நொதேர்ன் பவர் கம்பனி அங்கே மின் உற்பத்தியைத் தொடங்கியது. 2013இல் மின்சார சபையின் உத்துரு ஜனனி நிலையமும் வந்தது. கிணற்றில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது, தண்ணீர் மணக்கிறது என்று சனங்கள் சொல்லத் தொடங்கியபின், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை மின் நிலையத்தைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றில் 109 கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் நிர்ணய அளவுக்கு மேல் இருந்தன. பவுசர்களில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் நிலை வந்தது. 2015 ஜனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் உற்பத்தியை நிறுத்தியது. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ நீர் வழங்கல் சபையின் முடிவோடு ஒத்துப்போகவில்லை. குடிப்பதா விடுவதா என்று தெரியாமல் சனங்கள் தவித்ததுதான் மிச்சம்.

இப்படிப்பட்ட முரண்பாட்டுக்கு இரசாயனத்தில் ஒரு காரணம் உண்டு. அதைப் பேசியவர்கள் குறைவு. எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது எண்ணெயும் கூட இறங்கிக் கல்லின் வெடிப்புகளில் பூசிக்கொள்ளும். மாரியில் நீர் ஏறும்போது ஒரு பகுதி கழன்று மேலே வரும், ஒரு பகுதி கல்லோடேயே தங்கும். ஆகவே எந்த மாதத்தில், எந்த ஆழத்தில் மாதிரி எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். பென்சீன் போன்ற சில கூறுகள் நீரிலே கரைந்து, படலம் தெரியாத தூரத்துக்கும் போகும். கொழுப்பு நீக்கப் பயன்படும் குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் நீரைவிடப் பாரமானவை. அவை மேலே மிதக்காமல் நன்னீர் வில்லையின் அடிக்கே இறங்கும். கண்ணுக்குப் படலம் தெரியவில்லை, மூக்குக்கு மணம் இல்லை என்பதால் கிணறு நல்லது என்று முடிவுகட்ட முடியாது.

இனிச் சட்டம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டந்தான் அடி. 1988ஆம் ஆண்டின் திருத்தம் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தைக் கொண்டுவந்தது. ஆபத்தான கழிவுக்கென்று தெளிவான விதி வந்தது 2008 பெப்ரவரி 1ஆந் திகதி 1534/18ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில். அந்த ஒழுங்குவிதி இதனை அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு என்று அழைக்கிறது. எட்டாம் அட்டவணையில் இரண்டு பகுதிகள்: எந்தத் தொழிலிலிருந்தும் வரக்கூடியவை ஒரு பகுதி, குறித்த தொழில்களிலிருந்து வருபவை மறு பகுதி. இந்தக் கழிவை உண்டாக்குவது, சேர்ப்பது, ஏற்றிச்செல்வது, சேமிப்பது, மீளப் பயன்படுத்துவது, அழிப்பது ஆகிய அனைத்துக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் வேண்டும். எழுத்தில் இது நல்ல சட்டம். பக்கத்து நாட்டு விதியோடு வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல அதிகம் இல்லை.

சட்டம் பட்டியல் தருகிறது. பட்டியல் கையில் இல்லாதவருக்கு உலகம் முழுவதும் வழங்கும் நான்கு கேள்விகள் உதவும். எளிதில் தீப்பிடிக்குமா? தோலையோ உலோகத்தையோ அரிக்குமா? தண்ணீரோடோ வேறு பொருளோடோ சேர்ந்தால் வெடிக்குமா, நச்சுவாயு விடுமா? உடலுக்குள் போனால் நஞ்சாகுமா? ஒன்றுக்கு ஆம் என்றாலே போதும், அது சாதாரணக் குப்பை இல்லை. அமெரிக்க விதியில் 60 பாகை செல்சியசுக்குக் கீழே ஆவி தீப்பற்றும் திரவமும், பீஎச் 2 அல்லது அதற்குக் கீழும் 12.5 அல்லது அதற்கு மேலும் உள்ள நீர்க்கழிவும் தாமாகவே இந்த வகைக்குள் வந்துவிடும். பெயின்ற் தின்னர் முதலாவதில் விழும். பற்றரி அசிட் இரண்டாவதில் விழும்.

இந்தக் கேள்விகளோடு கொக்குவிலைச் சுற்றி வந்தால் என்ன அகப்படும்? கராஜில் வாகனத்திலிருந்து இறக்கிய கறுத்த எஞ்சின் ஒயில், அது வடித்த பில்டர், பிறேக் ஒயில், ரேடியேற்றர்த் தண்ணீர், ஒயில் துடைத்த சீலை. பற்றரிக் கடையில் ஈயமும் அசிட்டும். தோட்டத்தில் மருந்துப் போத்தல். பள்ளிக்கூட ஆய்வுகூட அலுமாரியில் சிட்டை மங்கிய போத்தல்கள். வீட்டில் எரிந்துபோன குழல் விளக்கு, பழைய வெப்பமானி, மிச்சப் பெயின்ற். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம். கொஞ்சம் என்பதுதான் நம்மை ஏமாற்றுவது. 1 லீற்றர் கழிவு எஞ்சின் ஒயில் 10 இலட்சம் லீற்றர் நீரைக் கெடுக்க வல்லது என்பது அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு.

கறுத்த ஒயிலுக்கு நம்மிடம் பழைய வழக்கங்கள் உண்டு. கறையான் பிடிக்காமலிருக்க மரத்துக்கும் வேலிக் கதியாலுக்கும் பூசுவோம். கொங்கிறீற் போடும் பலகைக்குத் தடவுவோம். எஞ்சினுக்குள் ஓடி வந்த ஒயிலில் தேய்ந்த உலோகத்தின் துகளும், எரிந்ததில் உண்டான நச்சுச் சேர்வைகளும் இருக்கின்றன. வேலியில் பூசியது மாரி மழையில் கழுவுண்டு கிணற்றடிக்கே வருகிறது. இந்த வழக்கத்தை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்றையும் வீணாக்காத சிக்கனம் அது. ஆனால் இந்தப் பொருளுக்கு அந்தச் சிக்கனம் பொருந்தாது.

பற்றரி இன்னும் கொடியது, ஏனென்றால் அதற்கு விலை இருக்கிறது. ஈயத்துக்குக் காசு, அசிட்டுக்கு இல்லை. ஆகவே அசிட்டை நிலத்தில் ஊற்றிவிட்டு ஈயத்தை நிறுத்து விற்பது எங்கும் நடப்பது. செனகல் நாட்டுத் தலைநகர் டக்கார் அருகே தியரோயே என்ற ஊரில் வீட்டு முற்றங்களில் பழைய பற்றரி உடைத்து ஈயம் எடுத்ததில், 2007 இறுதிக்கும் 2008 தொடக்கத்துக்கும் இடையில் 18 குழந்தைகள் செத்தார்கள். அங்கே ஆலை எதுவும் இல்லை. முற்றத்து மண்தான் கொன்றது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தமிழ்நாட்டில் கொடைக்கானலில் நடந்ததையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கிருந்த ஹிந்துஸ்தான் லீவர் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் 7.4 தொன், 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியிலிருந்த ஒரு பழைய சாமான் கடையில் கண்டெடுக்கப்பட்டன. ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 தொன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. கழிவை உண்டாக்கியது உலகம் அறிந்த பெரிய கம்பனி. அது வெளியே போன வழியோ சாதாரணப் பழைய சாமான் கடை. எந்த ஊரிலும் ஆபத்தான கழிவு நழுவும் வாசல் அதுதான். நம்முடைய சட்டம் ஆலையின் வாசலைக் காவல் காக்கிறது; பழைய இரும்பு எடுப்பவரின் லான்ட்மாஸ்ரரை அது பார்ப்பதே இல்லை.

அடையாளம் கண்டபின் வருவது வைத்திருத்தல். இதைப் பற்றி எழுதுபவர்கள் ஒரு வரியில் கடந்துபோவார்கள். என் அபிப்பிராயத்தில் குடாநாட்டைப் பொறுத்தவரை முழுப் பிரச்சினையும் இங்கேதான் இருக்கிறது. பாதுகாப்பாக வைத்திருப்பதென்றால் கூரை வேண்டும். மாரியில் திறந்த பரல் நிரம்பி வழிந்தால் ஒயில்தான் முதலில் வெளியே போகும். தண்ணீர் ஊறாத சீமெந்துத் தளம் வேண்டும், அதைச் சுற்றி வரம்பு வேண்டும். அந்த வரம்பு உள்ளே நிற்கும் மிகப் பெரிய பரல் முழுதாக உடைந்தாலும் தாங்குமளவுக்கு, அதன் கொள்ளளவில் 110 சதவீதம் கொள்ள வேண்டும் என்பது பொதுவான நியமம். கலத்தின் மேல் என்ன, எப்போது நிரப்பியது, என்ன ஆபத்து என்று தமிழில் எழுதிய சிட்டை வேண்டும். ஒன்றோடொன்று சேரக்கூடாதவை தள்ளித் தள்ளி நிற்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னது ஆய்வுகூடங்களில் உயிர்ப்பிரச்சினை. அகர வரிசையில் போத்தல் அடுக்குவது அழகாக இருக்கும். ஆனால் நைத்திரிக் அமிலத்தின் பக்கத்தில் எரியக்கூடிய கரைப்பான் வந்து நிற்கும். வருடக்கணக்கில் கிடந்த ஈதரில் வெடிக்கும் பெரொட்சைட்டு உண்டாகும். காய்ந்துபோன பிக்ரிக் அமிலத்தின் மூடியைத் திருகுவதே ஆபத்து. வலிகாமம் முழுவதும் 1995 ஒக்ரோபர் இறுதியில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, மறுபடி பள்ளிக்கூடம் தொடங்கிய மண் இது. பழைய ஆய்வுகூடம் உள்ள எந்தப் பள்ளிக்கூடமும் தன் அலுமாரியை ஒரு முறை இரசாயனம் தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பித்தே ஆக வேண்டும். தெரியாத போத்தலை மாணவரைக் கொண்டு கழுவ வைப்பது, தொட்டிக்குள் ஊற்றுவது இரண்டையும் இன்றே நிறுத்தலாம். வீட்டிலும் அப்படியே: கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளையும் மலக்கூடம் கழுவும் அசிட்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு விதி, கழிவை உண்டாக்கியவர் அதை 90 நாளுக்கு மேல் தன்னிடம் வைத்திருக்கக்கூடாது என்கிறது. காலவரையறை ஏன் முக்கியம் என்பதற்குப் போபால் சாட்சி. 1984 டிசெம்பர் நச்சுவாயு விபத்துக்குப் பின் யூனியன் கார்பைட் வளவில் கிடந்த கழிவில் 337 தொன், 2025 ஜனவரி தொடக்கத்தில்தான் பீதம்பூருக்கு ஏற்றப்பட்டு, அந்த ஆண்டு ஜூன் முடிவுக்குள் எரிக்கப்பட்டது. தற்காலிகம் என்று வைத்தது 40 ஆண்டு கிடந்தது. இடைச் சேமிப்புக்கு முடிவுத் திகதி எழுதாவிட்டால் அது குப்பைமேடாகிவிடும்.

அழிப்பதற்கு நாட்டில் உள்ள முக்கியமான வழி புத்தளம் சீமெந்து ஆலையின் சூளை. இன்சீ நிறுவனம் நடத்தும் அந்தச் சூளையில் சுண்ணாம்புக்கல் கிளிங்கராக மாற 1,450 பாகை செல்சியசு வரை சூடேறுகிறது. கழிவு ஒயில், கரைப்பான், பெயின்ற்ச் சேறு போன்ற சேதனக் கழிவுகள் அந்தச் சூட்டில் சிதைந்துவிடும். பாதரசத்துக்கு இது பொருந்தாது. ஆவியாகிப் புகைபோக்கியால் வெளியேறிவிடும். அதை மூடிய கலத்தில் தனியே சேர்த்து வைக்க வேண்டும். ஈயப் பற்றரி உரிமம் பெற்ற உருக்காலைக்கே போக வேண்டும். சுண்ணாம்புக்கல்லின் மேல் குழி வெட்டிப் புதைப்பது எந்தக் கழிவுக்கும் குடாநாட்டில் வழியே இல்லை. கல்லுண்டாய்க் குப்பைமேட்டில் சாதாரணக் குப்பையே தீப்பிடித்துப் புகைந்து சனங்களைப் போராட வைத்திருக்கிறது. அங்கே இவை போகவே கூடாது.

கொக்குவிலில் இருந்து புத்தளம் இருநூறு கிலோமீற்றருக்கும் அப்பால். ஒரு கராஜில் சேரும் ஒரு பரல் ஒயிலுக்காக உரிமம் பெற்ற லொறி ஒன்று அவ்வளவு தூரம் ஓடாது. ஓடினாலும் கராஜ்காரரால் கூலி கட்ட முடியாது. பெரிய ஆலை தானே லொறி பிடிக்கும், தானே உரிமம் எடுக்கும், தானே பதிவேடு எழுதும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட விதி, சின்னச் சின்னதாய் ஆயிரம் பேரிடம் கழிவு உண்டாகும் ஊரில் வேலை செய்யாமல் நிற்கிறது. பட்டியல் இருக்கிறது, சூளை இருக்கிறது. நடுவிலே கொண்டுபோய் வைக்க ஓர் இடம் இல்லை. சட்டத்தை மீறுகிறார் என்று கராஜ்காரரைப் பிடிப்பது எளிது. சட்டப்படி அவர் எங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று கேட்டால் சொல்லும் பதில் நம்மிடம் இல்லை. பதில் இல்லாத இடத்தில் தண்டம் அறவிடுவது நியாயமும் ஆகாது, கிணற்றையும் காப்பாற்றாது.

இந்த அரசால் முடியாத காரியம் இது என்றும் சொல்வதற்கில்லை. 2017ஆம் ஆண்டு தொடக்கம் பிரித்தானியாவிலிருந்து கொழும்புக்கு வந்து சேர்ந்த 263 கழிவுக் கொள்கலன்களை, நீதிமன்றமும், ஆபத்தான கழிவு நாட்டெல்லை கடப்பதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கையும் துணைநிற்க, 2020 செப்டெம்பருக்கும் 2022 பெப்ரவரிக்கும் இடையில் திருப்பி அனுப்பினோம். பிறர் கழிவைக் கடல்தாண்டித் திருப்பியனுப்பத் தெரிந்த நிர்வாகத்துக்கு, நம்முடைய கழிவை வடக்கிலிருந்து புத்தளத்துக்கு ஏற்றத் தெரியாமல் போகக் காரணமில்லை.

செய்ய வேண்டியது பெரிய காரியமுமில்லை. கொக்குவில் நல்லூர்ப் பிரதேச சபைக்கு உட்பட்டது. சட்டத்தின்படி தாழ்ந்த ஆபத்து வகைத் தொழில்களுக்கு, அதாவது மூன்றாம் பிரிவில் வருபவற்றுக்கு, அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரம் உள்ளூராட்சிச் சபைகளிடமே உள்ளது. ஆகவே யாரிடம் என்ன கழிவு உண்டாகிறது என்று அறியும் உரிமை சபைக்கு ஏற்கனவே இருக்கிறது. அந்த அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போதே கழிவு எங்கே போனது என்பதற்குத் துண்டு கேட்கலாம். துண்டு கொடுப்பதற்கு ஓர் இடம் வேண்டும்: கோண்டாவில் குடிநீர்க் கிணறுகளுக்கு அண்மையில்லாத, வெள்ளம் நில்லாத மேட்டில், மேலே சொன்ன கூரையும் தளமும் வரம்பும் உள்ள ஒரு சேகரிப்புக் களஞ்சியம். நல்லூர், வலிகாமம் தெற்கு, வலிகாமம் தென்மேற்குச் சபைகளும் யாழ்ப்பாண மாநகர சபையும் சேர்ந்தால் ஒரு லொறி நிரம்பும், கூலி பங்காகும். ஒயிலும் பற்றரியும் விற்பவர்கள் விற்கும்போதே ஒரு சிறு தொகையை வைப்பாக வாங்கி, பழையதைத் திருப்பிக் கொண்டுவந்தவருக்குக் கொடுத்தால் அது பழைய சாமான் கடையால் நழுவாது. சோதிப்பதற்குத் திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக இரசாயனவியல் துறை நடை தூரத்தில் இருக்கிறது. கராஜ் வேலை பழகும் பிள்ளைகளுக்குக் கழிவு ஒயிலைக் கையாளவும் பழக்குவதற்குக் கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரி ஊருக்குள்ளேயே இருக்கிறது.

களஞ்சியம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. கராஜ்காரர்கள் பரலைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்து மூடி வையுங்கள். மண்ணில் சிந்தினால் மரத்தூளைப் போட்டு உறிஞ்சி, அந்தத் தூளையும் பரலிலேயே போடுங்கள். தோட்டக்காரர்கள் மருந்துப் போத்தலை மூன்று தரம் அலசி, அலசிய தண்ணீரை விசிறும் தாங்கிக்குள்ளேயே ஊற்றுங்கள். கிணற்றடியில் மருந்து கலக்காதீர்கள். வெற்றுப் போத்தலை ஓட்டை குத்தி வையுங்கள், யாரும் தண்ணீர் அள்ள எடுக்காதபடிக்கு. பாழ்கிணற்றுக்குள் எதையும் போடாதீர்கள்; அது குப்பைக்குழி போலத் தெரிந்தாலும் அடியில் அது உங்கள் அயல்வீட்டுக் கிணறுதான்.

2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 24,000 கன மீற்றர் தண்ணீர் எடுக்கும் கொள்ளளவு அதற்கு. நல்ல காரியம். ஆனால் அதற்குச் செலவிட்ட பணத்தோடு ஒப்பிட்டால், நான் சொல்லும் களஞ்சியத்துக்கு ஆகும் செலவு கணக்கிலேயே வராது. நல்லூர்ப் பிரதேச சபையின் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் ஆபத்தான கழிவுச் சேகரிப்புக்கென்று ஒரு தலைப்பும் ஒரு தொகையும் இடம்பெற வேண்டும். உங்கள் வட்டாரத்து உறுப்பினரைச் சந்தியில் காணும்போது வீதி விளக்கைப் பற்றிக் கேட்பீர்கள். இதையும் சேர்த்துக் கேளுங்கள்.